கார் கூரையில் சர்ஃப் போர்டு: காற்று தூக்கிட்டுப் போகாம கட்டுவது எப்படி?

போர்டோட எடையே 6, 7 கிலோதான். அதுக்கு எதுக்கு இவ்ளோ பில்டப், ஒரு கயிறு போதாதா? போதாது. கார் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது அந்தப் போர்டைக் கூரையோடு அழுத்தி வைக்க அதன் எடை போதவே போதாது. ஏன், எப்படிக் கட்டணும், எதையெல்லாம் செய்யக் கூடாது? முழு விளக்கம் இங்கே.

ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணிக்கு ஈ.சி.ஆரில் போனால், கூரை மேல் போர்டு கட்டிய கார்களைச் சாதாரணமாகவே பார்க்கலாம். சென்னையிலிருந்து கோவளம் சுமார் 40 கி.மீ., மாமல்லபுரம் சுமார் 55 கி.மீ. ஒரு காலத்தில் கோவளத்து மீனவ இளைஞர்களும் சில வெளிநாட்டவரும் மட்டும் ஆடிய விளையாட்டு இது. இப்போது ஐ.டி. ஊழியர்களின் வீக்எண்ட் பிளானாகிவிட்டது. 2023 ஆகஸ்ட்டில் உலக சர்ஃப் லீகின் தகுதிச் சுற்றுப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. 2025 ஆகஸ்ட்டில் ஆசிய சாம்பியன்ஷிப்பும் அங்கேயே நடந்தது.

முதல் சில மாதங்கள் எல்லோரும் சர்ஃப் ஸ்கூலில் வாடகைக்குத்தான் போர்டு எடுப்பார்கள். பிறகு சொந்தமாக ஒன்று வாங்குவார்கள். அன்றைக்குத்தான் கேள்வி வரும்: 8 அடிப் போர்டை 4 மீட்டர் காரில் எப்படிக் கொண்டுபோவது?

கூரையில் கட்டலாம். தாராளமாகக் கட்டலாம். ஆனால் தப்பாகக் கட்டினால் நஷ்டம் போர்டோடு நிற்காது. அவிழ்ந்து பறக்கும் போர்டு நேராகப் பின்னால் வருபவர் மேல்தான் விழும். ஈ.சி.ஆரில் பின்னால் வருவது பெரும்பாலும் பைக்.

எடை கம்மி, அப்புறம் ஏன் பறக்குது?

கூரையில் சூட்கேஸ் கட்டும்போது, அது சரிந்து விழுமா என்றுதான் யோசிப்போம். சர்ஃப் போர்டில் பிரச்னை வேறு. அது கீழே விழுவதற்கு முன்னால் மேலே எழும்பும்.

கார் ஓடும்போது எதிரில் வரும் காற்று விண்ட்ஷீல்டில் மோதி, சரிவில் ஏறி, கூரைக்கு மேலே பாய்கிறது. அதே வழியில் ஒரு பங்கு காற்று போர்டுக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் நுழைகிறது. அகலமான, தட்டையான, எடை குறைந்த பொருள் ஒன்று அதன் வழியில் இருந்தால் என்ன ஆகும்? பட்டம் மாதிரிதான்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அதாவது வேகம் 2 மடங்கானால் அழுத்தம் 4 மடங்கு. 40 கி.மீ. வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் காற்று தரும் அழுத்தம் சுமார் 7.5 கிலோ எடைக்குச் சமம். 80 கி.மீ. வேகத்தில் அது சுமார் 30 கிலோ. 100-ஐத் தொட்டால் சுமார் 47 கிலோ.

8 அடிப் போர்டு ஒன்றின் பரப்பு ஏறக்குறைய 1 சதுர மீட்டர். மேலே சொன்ன அழுத்தம் முழுவதும் போர்டைத் தூக்கும் விசையாக மாறாது. பாதி மாறினாலே 80 கி.மீ. வேகத்தில் 15 கிலோ. போர்டின் எடையைப் போல 2 மடங்கு!

இன்னொரு சிக்கலும் இருக்கு. ஸ்ட்ராப் கொஞ்சம் தளர்ந்து போர்டின் முனை ஒரு விரல் அளவு எழும்பினால், காற்றுக்குக் கிடைக்கும் பரப்பு கூடும். கூடினால் இன்னும் எழும்பும். இது படிப்படியாக நடக்காது, சட்டென்று நடந்து முடிந்துவிடும். அதனால்தான் "இவ்ளோ நேரம் நல்லாத்தானே இருந்துச்சு" என்பது இந்த விஷயத்தில் செல்லாது.

இதோடு எதிர்காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் 80-ல் போகும்போது எதிர்காற்று 20 கி.மீ. வேகத்தில் வீசினால் போர்டுக்கு அது 100 கி.மீ. வேகம்தான். எதிரே வரும் பஸ் உங்களைக் கடக்கும் நொடியில் அடிக்கும் காற்று தனி.

முதல்ல ரேக்கைப் பாருங்க

பல சமயம் போர்டு மட்டும் பறப்பதில்லை. சரியாகப் பொருத்தாத பாரும் சேர்ந்தே கழன்று போகும். ஸோ, கட்டுவதற்கு முன்னால் எதில் கட்டப் போகிறோம் என்று பார்க்கணும்.

*கிராஸ் பார்:* கூரையின் குறுக்கே போகும் 2 கம்பிகள். போர்டுக்கு இதுதான் பெஸ்ட். 2 பார்களுக்கும் நடுவே குறைந்தது 60 - 70 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். இடைவெளி கூடக் கூட போர்டு ஆடுவது குறையும். பாரைப் பொருத்தியிருக்கும் போல்ட்டுகளை மாதம் ஒருமுறையாவது இறுக்கிப் பாருங்கள். கடற்கரைக் காற்றில் துருவும் சீக்கிரம் பிடிக்கும்.

*ரூஃப் ரெயில்:* பல எஸ்.யு.வி.களில் கூரையின் இரு ஓரத்திலும் நீளவாக்கில் ஓடும் கம்பி. எல்லா ரெயிலும் சுமை தாங்காது, சில மாடல்களில் அது வெறும் அழகுக்கு ஒட்டியது. ஓனர்ஸ் மேனுவலில் 'ரூஃப் லோடு' என்று தேடுங்கள். பல கார்களில் அந்த அளவு 50 முதல் 75 கிலோ வரை இருக்கும். 2, 3 போர்டுக்கு இது தாராளம். மேனுவலில் ரெயிலில் சுமை ஏற்றக் கூடாது என்றிருந்தால் ஏற்றாதீர்கள்.

*சாஃப்ட் ரேக்:* பார் இல்லாத ஹேட்ச்பேக்குகளுக்கானது. 2 நீளமான பேட், அதோடு ஸ்ட்ராப். ஸ்ட்ராப் காருக்குள்ளே சுற்றி வரும். 4 கதவுகளையும் திறந்துவைத்து, கதவு இடைவெளி வழியாகக் கட்ட வேண்டும். ஜன்னல் வழியாகக் கட்டினால் கதவைத் திறக்கவே முடியாமல் உள்ளே மாட்டிக்கொள்வீர்கள். ஒரு எச்சரிக்கை: காரில் கர்ட்டன் ஏர்பேக் இருந்தால், அது விரியும் இடத்தைத்தான் இந்த ஸ்ட்ராப் கடக்கும். இதுக்கும் மேனுவல் என்ன சொல்லுதுன்னு பார்த்துக்கோங்க. சாஃப்ட் ரேக் குறைந்த தூரத்துக்கும் மிதமான வேகத்துக்கும் சரி. பாண்டிச்சேரி வரை போக அது சரிவராது.

*கேரியர்:* டிராவல்ஸ் வண்டிகளில் இருக்கும் இரும்புக் கேரியர். இதிலும் கட்டலாம். ஆனால் குழாயின் விளிம்பு போர்டை அழுத்திப் பள்ளமாக்கிவிடும். ஏ.சி. காப்பர் பைப்பில் சுற்றும் கறுப்பு ஃபோம் குழாய் ஏ.சி. ஸ்பேர்ஸ் கடைகளில் கிடைக்கும். அதை நீளவாக்கில் கீறி, குறுக்குக் குழாய்களில் மாட்டி, டேப் சுற்றினால் பேட் ரெடி. கிராஸ் பாருக்கும் இதே வழிதான்.

ராட்செட் வேண்டாம், கேம் பக்கிள் போதும்

ஸ்ட்ராப் விஷயத்தில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள்.

*கேம் பக்கிள் ஸ்ட்ராப்:* பல் வைத்த ஒரு சின்னக் கவ்வி. கட்டைவிரலால் அழுத்தினால் திறக்கும், விட்டால் பட்டையைக் கவ்விக்கொள்ளும். நம் கையால் இழுக்கும் அளவுக்குத்தான் இறுகும். போர்டுக்கு அந்த அளவே போதும். 25 மி.மீ. அகலம், 3.5 மீட்டர் நீளத்தில் 2 ஸ்ட்ராப் இருந்தால் வேலை முடிந்தது. பக்கிள் மேல் ரப்பர் உறை இருப்பதாகப் பார்த்து வாங்கினால் போர்டிலும் கார் பெயின்ட்டிலும் கீறல் விழாது.

*ராட்செட் ஸ்ட்ராப்:* நெம்புகோலை முன்னும் பின்னும் ஆட்டி இறுக்கும் வகை. லாரியில் மெஷின் கட்ட உதவும். போர்டின் உள்ளே இருப்பது ஃபோம், வெளியே மெல்லிய கண்ணாடியிழைத் தோல். ராட்செட்டில் இன்னும் ரெண்டு இழு கூடுதலாக இழுத்தால் ஓரத்தில் விரிசல் விடும். அதன் வழியே தண்ணீர் ஏறினால் போர்டு பாழ்.

*பங்கி கார்டு:* இரு முனையிலும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு. பைக்கில் பை கட்டுவோமே, அதேதான். இது வேண்டவே வேண்டாம். இழுத்தால் நீள்வதுதான் அதன் வேலையே. காற்று போர்டைத் தூக்கினால் இதுவும் கூடவே நீளும். போர்டை அலையில் காலோடு கட்டும் லீஷும் அப்படித்தான், அதையும் கயிறாகப் பயன்படுத்தாதீர்கள்.

*நைலான் கயிறு:* அவசரத்துக்குப் பரவாயில்லை. ஆனால் நைலான் நனைந்தால் நீளும். கடலிலிருந்து வந்த ஈரப் போர்டை ஈரக் கயிற்றில் கட்டினால் பாதி வழியில் தளரும். முடிச்சும் சரியாகப் போடத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கரைக்குக் கட்டுவது புதிதில்லை. மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிய நம்ம கட்டுமரம்தான் ஆங்கிலத்தில் 'கேடமரான்' ஆனது. கோவளத்தில் மீனவர்கள் யாராவது முடிச்சுப் போடுவதை 5 நிமிடம் நின்று பாருங்கள். நிறைய கற்றுக்கொள்ளலாம்.

கட்டுவது எப்படி? ஸ்டெப் பை ஸ்டெப்

*1. மணலைக் கழுவுங்கள்.* போர்டிலும் பேடிலும் ஒட்டிய மணல் உப்புத்தாள் போலத் தேய்க்கும். லீஷைக் கழற்றி உள்ளே வையுங்கள். கழற்றக்கூடிய ஃபின் என்றால் அதையும் கழற்றிவிடலாம், குறிப்பாக ஒன்றின் மேல் ஒன்றாகப் போர்டு அடுக்கும்போது.

*2. டெக் கீழே இருக்கட்டும்.* நாம் நிற்கும், மெழுகு தேய்க்கும் பக்கம்தான் டெக். போர்டின் முனை இயல்பாகவே டெக் பக்கம் வளைந்திருக்கும். டெக்கைக் கீழே வைத்தால் அந்த வளைவு கூரையை நோக்கிக் குனியும், காற்று அடியில் புகுந்து தூக்குவது குறையும். டெக்கை மேலே வைத்தால் வளைந்த முனை மேல்நோக்கி நின்று காற்றை வாரிக்கொள்ளும். மெழுகும் நேரடி வெயிலில் உருகாது, அது கூடுதல் லாபம்.

*3. ஃபின் முன்னால், மேல்நோக்கி.* வால் பகுதி காரின் முன்பக்கம், முனை பின்பக்கம். பரவலாகச் சொல்லப்படும் முறை இதுதான். காற்றின் தள்ளலில் போர்டு பின்னால் வழுக்கினாலும், ஃபின் முன் ஸ்ட்ராப்பில் மாட்டி நின்றுவிடும். சிலர் முனையை முன்னால் வைப்பார்கள். அதில் தவறில்லை, ஆனால் டெக் கீழே இருப்பது கட்டாயம்.

*4. நடுவில் வையுங்கள்.* போர்டின் நடுப்பகுதி 2 பார்களுக்கும் நடுவே வரணும். 9 அடி லாங்போர்டே 2.74 மீட்டர்தான். 4 மீட்டருக்கு உட்பட்ட சின்னக் காரில் கூட முன்னும் பின்னும் நீட்டாமல் வைக்கலாம்.

*5. ஸ்ட்ராப் போடுங்கள்.* பக்கிள் உள்ள முனையைப் போர்டின் ஓரத்தில், பாருக்குச் சற்று மேலே நிற்கும்படி பிடியுங்கள். பட்டையைப் போர்டின் மேலே எதிர்ப்பக்கம் போடுங்கள். அங்கே பாருக்கு அடியில் நுழைத்து, மறுபடி போர்டின் மேலே கொண்டுவாருங்கள். இந்தப் பக்கமும் பாருக்கு அடியில் நுழைத்து, பக்கிளுக்குள் கீழிருந்து விட்டு, கீழ்நோக்கி இழுங்கள். இப்போது போர்டின் மேல் 2 வரிப் பட்டை இருக்கும். பட்டை போர்டின் ஓரத்தை ஒட்டியே பாருக்குள் போகணும். தள்ளிப் போனால் போர்டு பக்கவாட்டில் நகர இடம் கிடைத்துவிடும்.

*6. ஒரு முறுக்கு விடுங்கள்.* பட்டை தட்டையாக இருந்தால் காற்றில் அதிர்ந்து 'விர்ர்ர்' என்று வழி முழுக்க அலறும். காற்றில் தொங்கும் இடத்தில் ஒரே ஒரு முறுக்கு விட்டால் சத்தம் அடங்கிவிடும். அந்த அதிர்வுதான் பட்டையை மெல்லத் தளர்த்தவும் செய்கிறது. ஸோ, இது காதுக்கு மட்டுமில்ல, பாதுகாப்புக்கும்தான்.

*7. மிச்ச வாலைக் கட்டுங்கள்.* தொங்கும் நுனியைப் பாரில் சுற்றி, 2 முடிச்சுப் போடுங்கள். பக்கிள் வழுக்கினாலும் இந்த முடிச்சு பிடித்துக்கொள்ளும். நுனியைக் கதவிடுக்கில் சொருகும் பழக்கம் சிலருக்கு உண்டு. மழை பெய்தால் அந்தப் பட்டை வழியாகவே தண்ணீர் சீட்டுக்கு வரும்.

*8. ஆட்டிப் பாருங்கள்.* முனையைப் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டுங்கள். போர்டோடு சேர்ந்து காரும் ஆடினால் கட்டு சரி. போர்டு மட்டும் தனியாக ஆடினால் மறுபடி இறுக்குங்கள். பட்டை போர்டில் பள்ளம் போடும் அளவுக்கு இறுக்கினால் அது ஓவர்.

*9. லாங்போர்டுக்கு எக்ஸ்ட்ரா.* 9 அடி போர்டுக்கும், நீண்ட பயணத்துக்கும் முன் முனையிலிருந்தும் பின் முனையிலிருந்தும் ஒவ்வொரு கயிறு இறக்கி, காரின் டோ ஹூக்கில் கட்டுங்கள். சடன் பிரேக்கில் போர்டு முன்னால் பாய்வதையும், எதிர்காற்றில் முனை எழும்புவதையும் இது தடுக்கும்.

2, 3 போர்டு இருந்தா?

பெரியது அடியில், சின்னது மேலே. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு துண்டு அல்லது ஃபோம் வைக்கணும். எல்லாப் போர்டுகளையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டுங்கள். அடுக்கு உயர உயரக் காற்று பிடிக்கும் பரப்பும் கூடும். ஒரு அடுக்கில் 3-க்கு மேல் வேண்டாம். கூரை அகலம் இடம் கொடுத்தால் பக்கத்துப் பக்கத்தில் வைப்பதே நல்லது.

கிளம்பியாச்சு. இனி?

கட்டி முடித்ததோடு வேலை முடியவில்லை. முதல் 10 - 15 கி.மீ.க்குள் பேட் அமுங்கும், பட்டை தன் இடத்தில் உட்காரும். அப்போது கட்டு கொஞ்சம் தளரத்தான் செய்யும். திருவான்மியூரிலிருந்து கிளம்பினால், உத்தண்டி டோல் தாண்டியதும் பாதுகாப்பான இடத்தில் ஓரமாக நிறுத்தி ஒருமுறை இறுக்கிவிடுங்கள். 2 நிமிட வேலை.

வேகத்தை 70-க்குள் வைத்துக்கொண்டால் நல்லது. 100-ல் இருக்கும் காற்றழுத்தத்தில் பாதிதான் 70-ல் இருக்கும். கோவளத்துக்கு 10 நிமிடம் லேட்டாகப் போய்ச் சேர்வீர்கள், அவ்ளோதான்.

புதுசாக ஏதாவது சத்தம் கேட்டாலோ, முன் கண்ணாடியில் தெரியும் போர்டின் முனை துள்ளினாலோ ஹசார்ட் லைட் போட்டு, மெதுவாக இடது பக்கம் ஒதுங்குங்கள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் போர்டைப் பிடிக்க முயலவே வேண்டாம். மேலே பார்த்த கணக்குப்படி, 80-ல் அது 15 கிலோ விசை. ஒரு கையால் பிடித்து நிறுத்த முடியாது. போர்டு பறந்தே போய்விட்டால், அதை எடுக்க ரோட்டுக்குள் ஓடாதீர்கள். முதலில் வண்டியை ஓரம் கட்டி, 112-ஐ அழையுங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் 108.

திரும்பி வரும்போதுதான் உஷார்

காலையில் நிதானமாகக் கட்டியவர்கள்கூட, 3 மணி நேரம் அலையில் துடுப்புப் போட்டுவிட்டு, பசியோடு திரும்பும்போது அவசரமாகக் கட்டுவார்கள். கை சோர்ந்திருக்கும், ஸ்ட்ராப் ஈரமாக இருக்கும். அதே 9 ஸ்டெப், அதே ஆட்டிப் பார்க்கும் டெஸ்ட், திரும்பும்போதும் கட்டாயம்.

வெயிலையும் கவனிக்கணும். டிபன் சாப்பிடும் நேரத்தில் போர்டைக் கூரையிலேயே மே மாத வெயிலில் காயவிடாதீர்கள். எபாக்ஸி போர்டுகளின் ஃபோமுக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து, மேல்தோலைப் பிரித்துவிடும். பூட்டிய காருக்குள் வைப்பது அதைவிட மோசம். நிழலில் நிறுத்துங்கள், இல்லையென்றால் வெளிர் நிற உறை போடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்ட்ராப்பை நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். உப்பு படிந்தால் பக்கிளின் ஸ்பிரிங் துருப்பிடித்துக் கவ்வாமல் போகும். பட்டையின் ஓரம் நைந்திருந்தாலோ, வெயிலில் வெளுத்து மொடமொடப்பாகியிருந்தாலோ தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். போர்டின் விலையோடு பார்த்தால் ஸ்ட்ராப் விலை ஒன்றுமே இல்லை.

இன்னொன்று, அபார்ட்மென்ட் பேஸ்மென்ட், மால் பார்க்கிங் வாசலில் இருக்கும் உயரத் தடுப்பு! கூரை மேல் போர்டு, அதற்கு மேல் ஃபின் இருப்பதை மறந்து நுழைந்தால் ஒரே சத்தம்தான்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 194(1ஏ) பிரிவின்படி, அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டி வாகனத்தின் பக்கவாட்டிலோ, முன்னாலோ, பின்னாலோ, உயரத்திலோ சுமை நீட்டிக்கொண்டிருந்தால் ரூ.20,000 அபராதம். சுமையை இறக்கும் செலவும் நம் தலையில்தான். அதைச் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்கவும் விட மாட்டார்கள். போர்டு காரின் நீள, அகலத்துக்குள்ளேயே அடங்கும்படி வைத்தால் நீட்டிக்கொண்டிருக்கும் பேச்சே வராது. நீளமான போர்டின் பின் முனையில் சிவப்புத் துணி ஒன்று கட்டிவிட்டால் பின்னால் வருபவர்களுக்கும் தெரியும்.

கிளம்பும் முன் 30 நொடி செக்லிஸ்ட்

• கிராஸ் பார் அசையாமல் இருக்கா?
• டெக் கீழே, ஃபின் முன்னால் இருக்கா?
• 2 பாரிலும் தனித்தனி கேம் பக்கிள் ஸ்ட்ராப் போட்டாச்சா?
• பட்டையில் முறுக்கு விட்டாச்சா, வால் முடிச்சுப் போட்டாச்சா?
• லீஷ் கழற்றியாச்சா?
• ஆட்டினால் காரும் சேர்ந்து ஆடுதா?
• 10 - 15 கி.மீ.க்குள் எங்கே நிறுத்தி செக் பண்ணப் போறோம்?

ஏழுக்கும் 'ஆமா' என்று பதில் வந்தால் சாவியைத் திருப்புங்கள். ஒன்றுக்கு 'தெரியல' என்று வந்தாலும் இறங்கிப் பாருங்கள். அலை எங்கேயும் போயிடாது. பின்னால் பைக்கில் வருபவர் உங்கள் முடிச்சை நம்பித்தான் வருகிறார்.